முன்னுரிமைக் குறியும் லினக்ஸின் பழைய அட்டவணையும்

ஐ.பி. நான்காம் பதிப்பின் ஒவ்வொரு பொதியிலும் தலைப்பகுதியின் இரண்டாவது பைட் முன்னுரிமைக்காக ஒதுக்கப்பட்டது. அந்த எட்டு பிட்டுகளின் பொருள் பலமுறை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. நெறிமுறை மாறிய பிறகும் இயங்குதளம் அவற்றைப் பழைய பொருளிலேயே வாசித்துவந்தது. அதனால் சில இடங்களில் முன்னுரிமையே தலைகீழாகிப்போனது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 791, முதல் மூன்று பிட்டுகளில் எட்டுப் படிநிலைகளை வைத்தது. ரொட்டீன், பிரையாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என்னும் பெயர்கள் அமெரிக்க ராணுவச் செய்திகளின் அவசரப் படிகளிலிருந்து வந்தவை. அடுத்த மூன்று பிட்டுகள் குறைந்த தாமதம், கூடுதல் கடத்துதிறன், கூடுதல் நம்பகம் ஆகியவற்றைக் கேட்டன. 1992இல் ஆர்.எஃப்.சி. 1349 ‘குறைந்த செலவு’ என்பதையும் சேர்த்தது.

பெரிய மாற்றம் 1998 டிசம்பரில் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸ் முதலாசிரியராக இருந்த ஆர்.எஃப்.சி. 2474, முதல் ஆறு பிட்டுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது. 64 மதிப்புகள் கிடைத்தன. பழைய மூன்று பிட் படிநிலைகளோடு ஒத்துப்போக அதில் வழிவிட்டிருந்தார்கள். தாமத, கடத்துதிறன் பிட்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. குரல் அழைப்புகளுக்கு 46 என்னும் மதிப்பு நிலைபெற்றது. மிஞ்சிய இரண்டு பிட்டுகளை 2001இல் ஆர்.எஃப்.சி. 3168 நெரிசல் அறிவிப்புக்கு எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து வரும் குறியை ஏற்பதா, மாற்றுவதா, அழிப்பதா என்பது அந்தந்த வலையமைப்பின் நிர்வாகத்துக்கே விடப்பட்டது.

இயங்குதளங்கள் இதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. செயலிகள் நேரடியாகக் குறியிடுவதை விண்டோஸ் 2000 முதல் இயல்புநிலையில் மதிப்பதில்லை. லினக்ஸ் செயலியின் குறியை ஏற்றது. ஆனால் அதைத் தன் உள் வரிசைக்குப் பொருத்தும் அட்டவணையை 1992இன் நான்கு பிட்டுகளைக் கொண்டே நடத்தியது. ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

லினக்ஸில் நீண்டகாலம் இயல்பாக இருந்த ‘பிஃபிஃபோ ஃபாஸ்ட்’ வரிசைமுறைக்கு மூன்று அடுக்குகள். மேலடுக்கு காலியான பிறகுதான் கீழடுக்குக்கு முறை வரும். 46இன் இருமவடிவம் 101110. இதைப் பழைய அட்டவணை தாமத பிட்டும் கடத்துதிறன் பிட்டும் சேர்ந்ததாக வாசித்து, குரலைச் சாதாரணப் பொதிகள் நிற்கும் நடு அடுக்கில் சேர்க்கிறது. காணொளி உரையாடலுக்குப் பரிந்துரைக்கப்படும் 34, அதாவது 100010, கடத்துதிறன் பிட்டை மட்டும் தொடுவதால் கடைசி அடுக்குக்குப் போய்விடுகிறது.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டுவது, தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைந்து வேலைசெய்யவும் கோப்புகள் அனுப்பவும் உதவும் ஓபன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருள். தட்டச்சுக்குக் ‘குறைந்த தாமதம்’, கோப்பு அனுப்புவதற்குக் ‘கூடுதல் கடத்துதிறன்’ என்று பழைய குறிகளையே அது இட்டுவந்தது. லினக்ஸ் அவற்றை முறையே முதல் அடுக்கிலும் கடைசி அடுக்கிலும் வைத்தது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த 7.8 பதிப்பு புதிய நெறிக்கு மாறி, தட்டச்சுக்கு 18, கோப்புகளுக்கு 8 என்று குறித்தது. நெறிமுறைப்படி சரியான மாற்றம். ஆனால் பழைய அட்டவணையில் 18 கடைசி அடுக்கு, 8 நடு அடுக்கு! விரைவாகப் போக வேண்டிய விசையழுத்தம், காத்திருக்கக்கூடிய கோப்புக்குப் பின்னால் நின்றது. இரு தரப்பும் தத்தம் ஆவணத்துக்கு உண்மையாகவே நடந்துகொண்டன என்பதால் இதை வெறும் நிரல் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2025இல் வந்த 10.1 பதிப்பு தட்டச்சுக்கு 46ஐத் தேர்ந்தது. பழைய அட்டவணையிலும் அது நடு அடுக்குக்காவது வந்துசேரும்.

இதற்கிடையே வரிசைமுறையே மாறத் தொடங்கியிருந்தது. 2012இல் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சனோடு சேர்ந்து ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டார். பொதி வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை அளந்தே அது நெரிசலை அறிகிறது. அதன்மேல் எரிக் டூமாசே எழுதிய ‘எஃப்கியூ-கோடெல்’ அதே ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்து, பின்னர் பல விநியோகங்களில் இயல்பு வரிசையானது. அது ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, அவ்வப்போது சிறு பொதி அனுப்பும் இணைப்புக்கு முதலில் வழிவிடுகிறது. விசையழுத்தப் பொதிகள் அந்த வகையில்தான் சேரும். அவற்றை முன்னே அனுப்ப இந்த முறை குறியைப் பார்ப்பதே இல்லை.