நோயாளியைச் சுமந்த தோள்கள்

கல்வியும் மருத்துவமும் உடன்பிறந்தவை. ஒன்று அறியாமையைப் போக்குவது. மற்றொன்று பிணியைப் போக்குவது. இவ்விரண்டும் நம் முன்னோர்க்கு ஒருசேர மறுக்கப்பட்டன என்பது வரலாறு. பள்ளிக்கூடத் திண்ணை மறுக்கப்பட்ட கதையை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். நாடி பிடித்துப் பார்க்கும் கை மறுக்கப்பட்ட கதையை அவ்வளவாக அறியார்.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பீங்கான் பட்டறைகளில் உழைத்தும் எவ்விதக் காப்பீடும் இன்றி வாழும் நம் மக்களுக்காக, வாரம் ஒரு நாளேனும் இலவச மருத்துவ நிலையம் ஒன்று நடத்துதல் வேண்டும் என்னும் எண்ணம் உறுப்பினரிடையே எழுந்துள்ளது. “மருத்துவர் கிடைப்பாரா?” என்பதே அனைவரும் முதலில் கேட்கும் வினா. கேட்க வேண்டிய வினாதான். ஆயினும் அதற்கு முன்னரே விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. அந்நிலையத்திற்குத் தலைமை ஏற்பவர் யார்?

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அவை. முதல் மூன்றும் எளிதில் நம் நினைவுக்கு வரும், நான்காமவரை மறந்துவிடுகின்றோம். ஏழைகளுக்கான மருத்துவப் பணியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் அந்த நான்காமவரின் வரலாறாகவே இருக்கக் காண்கின்றோம். அவற்றுள் சில பக்கங்களை ஈண்டு நோக்குவோம்.

கைமாறிய வெப்பமானி

1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் கத்தியவாரில் பணிபுரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தை பெற்ற அவருடைய மனைவி இரண்டொரு நாளில் கடும் நோய்வாய்ப்பட்டார். அழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் மன்றாடி, இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்கு ஒருவர் பிணை நின்ற பின்னரே அவர் வந்தார். அதுவும், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்னும் நிபந்தனையுடன். பச்சைக் குழந்தையோடு அப்பெண்ணை வெளியே கொண்டுவந்தனர்.

மருத்துவர் அவரைத் தொடவில்லை. வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அவ்வெப்பமானி அதே வழியில் திரும்பிச் சென்றது. நுரையீரல் அழற்சி என்று கூறிய மருத்துவர் மருந்தை அனுப்பிவைத்தார். மீண்டும் வந்து பார்க்கவில்லை. அப்பெண் இறந்துபோனார்.

அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் இக்கடிதத்தைச் சேர்த்து வைத்தார். அங்கே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கட்டணமும் இருந்தது. கணவரோ எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதிலும் ஆசிரியர். எல்லாம் இருந்தும் ஓர் உயிர் போயிற்று. கட்டணம் இல்லாமையைக் காட்டிலும் கொடிய தடை ஒன்று உண்டு என்பதை நமக்குக் காட்டும் சான்று இது.

பண்டிதரின் மருத்துவம்

இதனால் நம் மக்கள் மருத்துவம் அறியாதவராய், பிறர் கையை எதிர்நோக்கியே இருந்தனர் என்று கருதுதல் பிழையாகும். ஊர்தோறும் பேறுகாலம் பார்த்த கைகளுள் நம் பாட்டிமார் கைகள் பல. அதற்கும் மேலாக, அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழிவந்த சித்த மருத்துவர் ஆவார். 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய எழுத்தாளராகவும், பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்டவராகவும் அவரைப் போற்றுகின்றோம். ஓலைச் சுவடியும் மருந்துக் குழித்தட்டும் ஒரே வீட்டில் இருந்தமையை எண்ணிப் பார்ப்பதில்லை. தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாம்பரம் வழியே இரயிலில் செல்லும் நம் இளைஞர்கள் ஒருமுறை இறங்கி அப்பெயர்ப் பலகையைக் கண்டு வருதல் நன்று.

ஆசிரியை ஏற்ற தலைமை

நம் வினாவுக்கு நேரான விடை 1897ஆம் ஆண்டில், புனே நகருக்கு வெளியே கிடைக்கின்றது. சாவித்திரிபாய் பூலே (1831–1897) கணவர் சோதிராவுடன் இணைந்து 1848ஆம் ஆண்டு புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருடைய வாழ்வின் இறுதி வாரங்களை அறிந்தோர் சிலரே.

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டு புனேயை எட்டியது. நோய்க்கு அஞ்சியதைப் போலவே அரசின் கெடுபிடிக்கும் மக்கள் அஞ்சினர். வீடு புகுந்து சோதனையிட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு அஞ்சி நோயாளிகளை ஒளித்து வைத்தோரும் உண்டு. அந்நாளில் கணவரை இழந்து ஆறாண்டு கழிந்திருந்த சாவித்திரிபாய்க்கு அகவை 66. அவருடைய வளர்ப்பு மகன் யசுவந்த் மருத்துவம் கற்றவர். மகனை வரவழைத்து, ஊருக்குப் புறத்தே அடப்சர் பகுதியில் திறந்த வெளியில் நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைக்கச் செய்தார் அவ்வம்மையார். மருத்துவம் மகனுடைய பணி. நோயாளிகளைத் தேடிக் கொணர்ந்து பேணுவது தாயின் பணியாயிற்று.

முந்துவா என்னும் சிற்றூரில் மகர் குடியிருப்பைச் சேர்ந்த பாண்டுரங்கு என்னும் சிறுவன் நோயுற்றிருப்பதை அறிந்து, அவனைத் தம் தோளிலேயே சுமந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுவந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. சிறுவன் பிழைத்தான். சுமந்தவரை நோய் பற்றிக்கொண்டது. 1897 மார்ச்சு 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இங்கே நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்நிலையத்தின் உயிர்நாடியாக நின்றவர் மருத்துவப் பட்டம் பெறாத ஓர் ஆசிரியை. இரண்டாவது, கத்தியவாரில் வெப்பமானியைக்கூட நேரே நீட்ட மறுத்த மருத்துவருக்கு 32 ஆண்டுகள் முன்னரே, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்த சிறுவனைத் தம் உடலோடு அணைத்துச் சுமந்த ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்திருக்கின்றார். காலம் முன்னே செல்வதால் மட்டும் மனிதர் முன்னேறிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மண் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை

நம் காலத்துக்கும் நம் நிலப்பகுதிக்கும் அருகே வருவோம். விருத்தாசலத்திலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலை. அம்மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மலையாளிப் பழங்குடியினரும் இலம்பாடி மக்களும் அங்கு வாழ்கின்றனர். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் 1993ஆம் ஆண்டு அங்கே சென்றபோது, பிறந்த 1000 குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. மருத்துவமனையை அடைய 40 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த மண் குடிசையிலேயே ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் அவர்களுடைய பணி தொடங்கியது.

குடிசை பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியைக் காட்டிலும் நமக்குப் பாடமாவது வேறொன்று. அத்தம்பதியர் வெளியூரிலிருந்து செவிலியரைக் கொண்டுவருவதையே நம்பியிருக்கவில்லை. அப்பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, அவர்களுக்குப் பேறுகாலப் பணியும் மருந்தகப் பணியும் அறுவை அரங்கப் பணியும் கற்பித்தனர். சிற்றூர்தோறும் நலப்பணியாளரை உருவாக்கினர். குழந்தை இறப்பு ஏறத்தாழ 20 என்னும் அளவுக்குக் குறைந்தது. பச்சைக் குழந்தையை எவ்வாறு கதகதப்பாக வைப்பது, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பனவற்றை அவ்வூர்ப் பெண்ணே அவ்வூர்த் தாய்க்குச் சொன்னமை இதற்குப் பெருங்காரணமாகும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆதிவாசி மருத்துவமனையின் கதையும் இத்தகையதே. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய குடியினர்க்காக எழுந்த அம்மருத்துவமனையிலும் அக்குடிப் பெண்களே செவிலியராயினர். அம்மக்களுக்காக 1992ஆம் ஆண்டிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்துடன் பேசிக் குழுக் காப்பீடும் ஏற்படுத்தப்பட்டது. கூலிக்காரருக்கும் வனவாசிக்கும் காப்பீடு எதற்கு என்று எண்ணிய காலத்தில் நிகழ்ந்தது இது.

நம் ஊரின் வெண்துகள்

இனி நம் ஊருக்கு வருவோம். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும் பழமலைநாதர் கோயிலும் நம் ஊருக்குப் பழம்புகழ் தந்தன. பீங்கான் தொழில் புதுப்புகழ் தந்தது. நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைத்த வெண்களிமண்ணும் அரசு அமைத்த தொழிற்பேட்டையும் இத்தொழிலை வளர்த்தன. மின்காப்பான், பியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை எனப் பலவும் இங்கிருந்து செல்கின்றன.

அகல் விளக்கின் வெண்மை கண்ணுக்கு இனியது. அவ்வெண்மையின் துகள் நெஞ்சுக்குக் கொடியது. களிமண்ணோடு அரைத்துச் சேர்க்கப்படும் படிகக் கல்லில் உள்ள சிலிக்கா, உலர்ந்த தூளாகப் பறக்கும்போது மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்குகின்றது. அரைக்கும் இடத்திலும், காய்ந்த பொருளின் பிசிறு நீக்கும் இடத்திலும், உலர்ந்த தரையைப் பெருக்கும்போதும் இடர் மிகுதி. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பெரும்பாலும் பல்லாண்டு கழித்தே தலைகாட்டும். வந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோய் பற்றுவதற்கும் இது வழி திறந்து விடுகின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே இதனை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அதே 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. ஆயினும் பத்துப் பேர்கூட இல்லாத சிறு பட்டறைகள் பொதுவாக அதன் வளையத்துக்கு வெளியே நின்றன. ஒப்பந்தக் கூலிகளின் பெயர் பதிவேட்டில் ஏறாமற் போவதும் உண்டு. 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ஆம் ஆண்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்குப் பெரிய அறுவை மருத்துவத்தின் கதவைத் திறந்தன. மறுக்கவியலாத நன்மை அது. ஆனால் வருமானச் சான்று வாங்க ஒரு நாள், அட்டை எடுக்க ஒரு நாள் எனக் கூலியை இழக்க இயலாதவர் அவ்வாசல் வரை செல்வதில்லை. அட்டை பெற்றவருக்கும், மூன்று மாத இருமலின் காரணத்தை அட்டை தானே வந்து சொல்லாது.

இதன் விளைவை நாம் வகுப்பறையில் காண்கின்றோம். ஒன்பதாம் வகுப்பில் நன்கு படித்த மாணவனின் வருகை திடீரென நின்றுவிடும். வீடு சென்று கேட்டால், தந்தைக்கு மூச்சு வாங்குகின்றது. மகன் பட்டறைக்குச் செல்கின்றான் என்பர். எந்தத் தூள் தந்தையை வீழ்த்தியதோ அதே தூளுக்குள் மகன் அனுப்பப்படுகின்றான். நாம் நடத்தும் மாலை வகுப்பும் வழங்கும் உதவித்தொகையும் அவ்விடத்தில் தோற்றுப்போகின்றன. மருத்துவ நிலையம் கல்விச் சங்கத்தின் வேலையா என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடை.

தலைமை என்பது யாது?

மருத்துவம் பார்ப்பது மருத்துவர் கடமை. அவர் எழுதாத மருந்து ஒன்றையும் நாம் கொடுத்தல் ஆகாது. தலைமை ஏற்பவர்க்கு உரிய வேலைகள் வேறு.

ஒவ்வொரு தொழிலாளியும் எப்பட்டறையில், எப்பணியில், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதுதல் முதல் வேலை. ‘இருமல்’ என்று மட்டும் சொல்லும் நோயாளியின் பின்னே இருபதாண்டுத் தூள் இருப்பதை மருத்துவருக்கு உணர்த்துவது அப்பதிவேடே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சளிச் சோதனை செய்வித்தல் அடுத்தது. காசநோய் மருந்து அங்கே இலவசம். ஆனால் மாதக்கணக்கில் இடைவிடாது உண்ண வேண்டும். பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டில் ஒருவர் வேண்டும். புதுச்சேரி ஜிப்மருக்கு விடியற்காலைப் பேருந்து ஏறும் முதியவரோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். காப்பீட்டு அட்டைக்குரிய சான்றுகளைத் தெருத்தெருவாகச் சென்று சேர்க்க வேண்டும். தரையை நனைத்துப் பெருக்குங்கள், முகக்கவசம் கொடுங்கள் என்று பட்டறை உரிமையாளரிடம் பகையின்றி, ஆனால் தளராது சொல்ல வேண்டும்.

இவற்றுள் எதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும்? எழுத்தறிவும் பொறுமையும் வாரந்தோறும் தவறாத வருகையும் போதுமானவை. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எழுத்தறிவை வழங்கி வந்துள்ளது. மற்ற இரண்டையும் தர வேண்டியவர்கள் நீங்கள்.

இளைஞர்களே! இலவச மருத்துவ நிலையங்கள் பல, ஒரு நல்லவர் வந்தபோது தொடங்கி அவர் சென்றபோது மூடப்பட்டன. சிட்லிங்கியும் கூடலூரும் நிலைத்தமைக்குக் காரணம், வந்தவர் தம் கையில் இருந்ததை அவ்வூரார் கையில் கொடுத்தமையே. ஆதலின் நிலையத்துக்கு மருத்துவரைத் தேடும் அதே நாளில், நம் தெருப் பெண்களுள் செவிலியர் பயிற்சிக்கு உரியவர் எவர், மருந்தாளுநர் படிப்புக்கு உரிய மாணவர் எவர் என்பதையும் தேடுவோம். சங்கத்தின் உதவித்தொகையில் ஒரு பகுதி அவர்கட்கு என ஒதுக்குவோம். நம் சேரியில் பிறந்த ஒரு பெண், வெப்பமானியைத் தன் கையாலேயே நோயாளியின் நாவின்கீழ் வைக்கும் நாள் வரட்டும். கத்தியவார் ஆசிரியரின் கடிதத்துக்கு நாம் எழுதும் மறுமொழி அதுவாக இருக்கட்டும்.