மூச்சை விடுவித்த மருந்தும் அதன் எல்லையும்: ஆஸ்துமா சிகிச்சையின் ஒரு வரலாறு

ஆஸ்துமா நோயில் மூச்சு திணறுவதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள மெல்லிய தசை இறுகிக் காற்றின் வழியைக் குறுக்குவது ஒன்று. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளியைச் சுரந்துகொண்டே இருப்பது, அதாவது மருத்துவர்கள் அழற்சி என்று குறிப்பிடும் நிலை, மற்றொன்று. மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துகள் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. அழற்சியின் மீது அவற்றுக்கு ஏறக்குறைய எந்த ஆதிக்கமும் இல்லை. இன்று எளிதாகத் தோன்றும் இந்த உண்மை சிகிச்சை முறையாக வடிவம் பெறுவதற்கு மிக நீண்ட காலம் பிடித்தது என்பதும், அந்த இடைவெளியில் இளம் வயதினர் பலர் உயிரிழந்தனர் என்பதும் மருத்துவ வரலாற்றின் வேதனையான பகுதிகளுள் ஒன்றாகும்.

இவ்வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்றில் சென்னைக்கும் இடமுண்டு. இந்தியாவில் இழுப்பு நோய்க்கு ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆண்டர்சன் அவ்வழக்கத்தை அறிந்து ஜெனரல் ஜென்ட் என்னும் படை அதிகாரிக்குப் பரிந்துரைக்க, அவர் 1802இல் அச்செடியைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து பரவிய பழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்து, ஊமத்தை இலையை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகளும் நெருப்பில் தூவிப் புகை பிடிக்கும் பொடிகளும் மேலை நாட்டு மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நிலைக்கு வளர்ந்தது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் முதலிய வேதிப்பொருள்கள் தசையை இறுக்கும் நரம்புத் தூண்டலைத் தடுப்பதால் அப்புகை உண்மையாகவே பலன் தந்தது. எனினும் இலைக்கு இலை வீரியம் மாறுபட்டமையால் அளவு எவர் கையிலும் நிற்கவில்லை, அளவு மிகுந்தபோது மனக்குழப்பமும் உருவெளித் தோற்றங்களும் உண்டாயின. பலன் தரும் மருந்தின் அளவைக் கட்டுக்குள் வைப்பது எவ்வாறு என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள சுரப்பியிலிருந்து 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே படிக வடிவில் பிரித்தெடுத்த அட்ரினலின், 1903 முதல் ஆஸ்துமாவுக்கு ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. 1920களில் எபெட்ரின் மாத்திரையும், 1940களில் ஐசோபிரினலின் என்னும் செயற்கை மருந்தும் அதனைத் தொடர்ந்தன. இவை நுரையீரலில் மட்டுமன்றி இதயத்திலும் செயல்பட்டதற்கான விளக்கத்தை அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் தொடங்கிவைத்தார். மருந்து வந்து பொருந்தும் செல்லின் பகுதிகளாகிய ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என்று அவர் காட்டினார். பீட்டா ஏற்பிகளிலும் இதயத்தைத் தூண்டுபவை ஒரு வகை, மூச்சுக்குழாயை விரிப்பவை மற்றொரு வகை என்பது 1967இல் தெளிவாயிற்று.

அதற்குள் மருந்தை உள்ளிழுக்கும் கருவி அடியோடு மாறிவிட்டது. ரப்பர் குமிழைக் கையால் அழுத்திக் கண்ணாடிக் குடுவையிலிருந்து மருந்தைத் தெளிக்கும் பழைய கருவியின் இடத்தில், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரே அளவு மருந்தை வெளியிடும் அழுத்தக் குப்பி 1956இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத்திலிருந்து வந்தது. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மைசனின் மகள் ஆஸ்துமா நோயாளி. தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல மருந்தும் ஏன் இருக்கக் கூடாது என்று அச்சிறுமி கேட்டதே இதற்குத் தூண்டுகோல் என்பர். இன்று இன்ஹேலர் என்று அனைவரும் அறியும் கருவி இதுவே. சட்டைப்பையில் அடங்கும் இக்குப்பி நோயாளிகளுக்குத் தந்த விடுதலை அளவிடற்கரியது. சில நிமிடங்களில் மூச்சு திரும்பும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் சென்றனர்.

ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல்லாண்டுகளாக ஏறக்குறைய மாறாதிருந்த ஆஸ்துமா இறப்பு விகிதம் 1960களின் தொடக்கத்தில் ஏறத் தொடங்கியது. 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரிடையே ஏற்றம் மிகக் கடுமையாக இருந்தது. 1966ஆம் ஆண்டளவில் அவ்வயதினரின் மொத்த இறப்புகளில் 7 சதவீதம் ஆஸ்துமாவால் நேர்ந்தது. ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகிய ஆய்வாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வுகள் நோயைப் பதிவு செய்யும் முறையோ நோயின் இயல்போ மாறியது இதற்குக் காரணமாகாது என்று காட்டிப் புதிய சிகிச்சையின் பக்கம் கவனத்தைத் திருப்பின. இறந்தோருள் பெரும்பாலோர் அழுத்தக் குப்பியைப் பயன்படுத்தியவர்கள். மருந்துப் பாதுகாப்புக் குழு 1967இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மறு ஆண்டு இக்குப்பிகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படாதவாறு தடுக்கப்பட்டன. விற்பனை குறைந்தது, இறப்பும் உடன் குறைந்தது.

காரணம் பற்றிய விவாதம் அத்துடன் ஓயவில்லை. அமெரிக்காவிலும் இதே வகைக் குப்பிகள் பரவலாக விற்கப்பட்டும் அங்கு இத்தகைய ஏற்றம் காணப்படாததை ஆராய்ந்த மருத்துவ ஆய்வாளர் பால் ஸ்டாலி, ஓர் அழுத்தத்துக்கு ஐந்து மடங்கு மருந்தை வெளியிடும் வீரியம் கூடிய ஐசோபிரினலின் குப்பி விற்கப்பட்ட நாடுகளே பாதிக்கப்பட்டன என்று 1972இல் சுட்டிக்காட்டினார். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தோடு போராடும் இதயத்தை இத்தகைய அளவு மேலும் தூண்டியது என்பது ஒரு விளக்கம். குப்பி தரும் இடைக்கால ஆறுதலை நம்பி, உள்ளே முற்றிவரும் அழற்சியை அறியாமல், மருத்துவமனைக்குச் செல்வதை நோயாளிகள் தாமதித்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே இயங்கியிருக்கக்கூடும். ஆயினும் பிற்கால மருத்துவத்துக்கு இரண்டாவது விளக்கமே பெரிதும் பயன்பட்டது. ஏனெனில் மருந்தை மாற்றினாலும் நீங்காத ஆபத்து அதில்தான் இருந்தது.

மருந்து மாறவும் செய்தது. டேவிட் ஜாக் தலைமையில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய சால்புடமால், இதயத்தைக் குறைவாகத் தொட்டு மூச்சுக்குழாயை நான்கு முதல் ஆறு மணி நேரம் விரிக்கும் மருந்தாக 1969இல் விற்பனைக்கு வந்தது. கை நடுக்கமும் படபடப்பும் இதனாலும் உண்டாகும், மிகுந்த அளவில் இரத்தத்தின் பொட்டாசியம் குறையும் என்றாலும், முந்தைய மருந்துகளைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தாகிய பெக்லோமெத்தசோன் 1972இல் உள்ளிழுக்கும் வடிவில் வந்தபோது முழுமையான சிகிச்சைக்கு வேண்டிய இரு கைகளும் கிடைத்துவிட்டன. ஆனால் உடனே பலன் தெரியாத ஸ்டீராய்டைவிட சில நிமிடங்களில் ஆறுதல் தரும் மருந்தையே நோயாளிகள் நாடினர். நாடியதில் வியப்பில்லை, குறை சொல்வதற்கும் இல்லை.

நியூசிலாந்தில் 1976க்குப் பின் இறப்பு மீண்டும் உயர்ந்தது. அவ்வாண்டு அங்கு அறிமுகமான ஃபெனோடெரால் என்னும் விரிப்பு மருந்துக்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டு என்று வெலிங்டன் ஆய்வாளர்களான ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், கார்ல் பர்ஜஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கடுமையாக நோயுற்றவர்களுக்கே அம்மருந்து தரப்பட்டது, ஆகவே இறப்புக்கு நோயே காரணம் என்பது எதிர்ப்போரின் வாதம். அம்மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டபின் இறப்பு விரைந்து சரிந்தது அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்தது. நீண்ட நேரம் விரிக்கும் சால்மெட்டராலும் பின்னர் இதே கேள்விக்கு உள்ளானது. 26,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்கச் சோதனை 2003இல் இடையில் நிறுத்தப்பட்டது. அதில் சால்மெட்டரால் பெற்றோருள் 13 பேரும் வெற்று மருந்து பெற்றோருள் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்திருந்தனர். ஸ்டீராய்டுடன் ஒரே கருவியில் சேர்த்துத் தரும்போது இந்த ஆபத்து காணப்படவில்லை என்பதைப் பிற்காலச் சோதனைகள் உறுதி செய்தன.

விரிப்பு மருந்தை மட்டும் மிகுதியாக நம்புவதே ஆபத்தின் அறிகுறி என்பதால், ஒருவர் பயன்படுத்தும் அம்மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கையை நோயின் அளவுகோலாகக் கொள்ளும் முறை உருவானது. 200 அழுத்தங்கள் கொண்ட குப்பிகள் ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ செலவானால் கடும் தாக்குதலுக்கான வாய்ப்பும், பன்னிரண்டை எட்டினால் இறப்புக்கான வாய்ப்பும் கூடுகின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான தேசிய அறிக்கை, மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்களுள் 39 சதவீதத்தினர் தம் கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குப்பிகளைப் பெற்றிருந்தனர் என்று கண்டது. குப்பியை வாயில் வைத்து அழுத்தும்போது மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடுவதால், ஸ்பேசர் எனப்படும் இடைக்குழலைப் பொருத்தி மெதுவாக இழுத்துச் சில நொடிகள் மூச்சை அடக்கும் முறையைக் கற்றுத் தராமல் அழுத்தங்களை மட்டும் கூட்டுவதும் இவ்வாபத்தின் ஒரு கூறே. வழக்கமான அளவு மருந்துக்கு மூச்சுத் திணறல் தணியாதபோதும், தணிந்த திணறல் சில மணி நேரத்துக்குள் மீண்டும் வரும்போதும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்னும் அறிவுரை இந்த இறப்புகளிலிருந்து எழுந்தது.

ஃபெனோடெரால் ஆய்வு வெளியாகி முப்பது ஆண்டுகள் கழித்து அதே ரிச்சர்ட் பீஸ்லியின் தலைமையில் 668 பேரிடம் நடந்த சோதனை 2019இல் வெளியாயிற்று. மூச்சு திணறும்போது மட்டும் சால்புடமால் இழுத்தவர்களோடு ஒப்பிட, அதே வேளையில் புடெசொனைடு என்னும் ஸ்டீராய்டும் விரைந்து விரிக்கும் ஃபார்மோடெராலும் கலந்த மருந்தை இழுத்தவர்களுக்கு நோய் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பு அதே ஆண்டில், வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் ஸ்டீராய்டு இன்றிக் குறுகிய நேர விரிப்பு மருந்தை மட்டும் தரும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. சால்புடமாலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில், மருந்தை நுண்துளிகளாக்கும் நெபுலைசரிலும் இடைக்குழலிலும் அதற்குரிய இடம் இன்றும் இருக்கிறது.