கேள்வியும் மறுமொழியும்

இக்காஸ்டில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை ‘ஸ்கோலெ’ என்கிறார்கள். ஊரில் எங்கள் அம்மம்மாமார் ‘இஸ்கோலை’ என்பார்கள். அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். நாங்கள் நின்று கோப்பை கழுவும் ‘குசினி’யும் அவர்கள் விட்டதுதான். சொல்லோடு ஒரு பழக்கத்தையும் விட்டுப் போனார்கள்: கேள்வி கேட்பவரும் மறுமொழி வைத்திருப்பவரும் ஒருவரே, பிள்ளை அதை மனனம் செய்தால் போதும்.

இதை எழுத வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். இங்கே கொம்யூன் பள்ளிகளில் ‘கிறிஸ்தவ அறிவு’ என்றொரு பாடம் உண்டு. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். எங்களில் ஒருவர் தன் மகளுக்கு அந்தக் கடிதத்தை எழுதுவதா விடுவதா என்று கேட்டார். றெஸ்ரோரண்ட் பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை கூடிக் கதைத்தோம். எங்களில் பாதிப்பேர் வேதக்காரர், மிச்சப்பேர் சைவக்காரர். அநேகமாக எல்லோருமே ‘றோ.க.த.க. பாடசாலை’ என்று பலகை எழுதிய பள்ளிகளில் அரிவரி படித்தவர்கள். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் என்பதன் சுருக்கம் அது. அரசு பொறுப்பெடுத்து எத்தனையோ வருடமான பின்னும் பலகையில் அந்த எழுத்துக்கள் போகவில்லை.

கதை 1542இல் தொடங்குகிறது. முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழி தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, கைமணி அடித்துத் தெருவிலே பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல். அது 16 பக்கமுள்ள ஞானோபதேசம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ முழுக்கக் கேள்வியும் மறுமொழியுமாகவே அமைந்தது. தமிழ் அச்சேறியதே பிள்ளைகளுக்குச் சமயம் படிப்பிக்கத்தான் என்பதை எம்மவர் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கீசர் கையில் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கோவில்களையும் பள்ளிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே உபதேசத்தை மட்டும் மாற்றினார்கள். கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பது குற்றமாயிற்று. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளி உபாத்தியாயரின் தோம்பில் பதியப்பட்டன. பிள்ளை வராவிட்டால் தண்டம். அந்தக் காலத்தில் கத்தோலிக்கத்துக்கு இஸ்கோலை இல்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் முனிவர் சில்லாலையில் தங்கி வேலை செய்தார். ஊரூராக மூப்பர்களும் அண்ணாவிமாரும் வீட்டுத் திண்ணைகளில் மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். புத்தகமும் இல்லை, குருவும் இல்லை. வாயும் காதும்தான் இருந்தன. மனப்பாடம் என்று நாங்கள் பகிடி பண்ணுகிற அதுதான் ஒன்றரை நூற்றாண்டு அந்தச் சமயத்தைக் காப்பாற்றியது.

ஆங்கிலேயர் காலத்தில் 1847இல் அமலமரித் தியாகிகள் சபையார் வந்தார்கள். 1868இல் யாழ்ப்பாண ஆயர் பொறுப்பேற்ற பொஞ்ஞான் ஆண்டகை ஒவ்வொரு கோவிலடியிலும் ஒரு பள்ளி வேண்டுமென்று நின்றார். 1869இல் கல்வித் திணைக்களம் உருவாகி, உதவி நன்கொடை கிடைத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத்தான் அரசின் பணம். சமய பாடம் பள்ளி நடத்துவோர் பாடு. பிற்காலத்தில், பெற்றோர் விரும்பாத சமய வகுப்பில் பிள்ளையை இருத்தக்கூடாது என்ற மனச்சாட்சி வாசகமும் சட்டத்தில் ஏறியது. இக்காஸ்ட் கடிதத்தின் பாட்டன் அது.

சைவர்கள் என்ன செய்தார்கள்? பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் உதவிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அவர் எழுதியது சைவ வினாவிடை. பாதிரிமாரை எதிர்த்தவர் பாதிரிமாரின் அச்சையே எடுத்தார். எங்கள் வேதக்கார நண்பர் இதைச் சொன்னபோது சைவக்காரர் இரண்டுபேருக்கு முகம் சுருங்கிற்று. ஆனால் அது குறையல்ல என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். கையில் கிடைத்த ஆயுதம் அது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பள்ளிகள் அரசிடம் போயின. மேற்குக் கரையில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் குடியிருந்து மறித்தார்கள். யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சில தனியாக நின்றன. சிறிய தமிழ்க் கலவன்கள் எல்லாம் போய்விட்டன. சமயம் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாயிற்று; மந்திரம் ஞாயிறு மறைக்கல்விக்கு நகர்ந்தது. நாங்கள் படித்த காலத்தில் சமய பாடத்துக்கு மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் சைவநெறிப் புத்தகத்தோடு அரைச்சுவருக்கு அந்தப்பக்கம். சுவர் அரைச்சுவர்தானே, இரண்டு பக்கச் சத்தமும் இரண்டு பக்கமும் கேட்கும்.

டெனிஸ்காரரும் இதே வழியால் வந்தவர்கள்தான். 1536க்குப் பிறகு இங்கே கத்தோலிக்கம் தடைப்பட்டு, 1849 அரசியலமைப்போடுதான் மீண்டது. 1706இல் இவர்களின் அரசன் நான்காம் பிரெடெரிக் தரங்கம்பாடிக்கு அனுப்பிய சீகன்பால்க் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லூதரின் ஞானோபதேசத்தைத் தமிழில் படிப்பித்தார். 1736இல் உறுதிப்பூசுதல் இங்கே கட்டாயமாயிற்று. அது இல்லாமல் கலியாணம் இல்லை. அடுத்த ஆண்டு பொன்ரொப்பிடான் எழுதிய விளக்க நூலில் 759 கேள்விகள்! ஜூட்லாந்தின் குடியானவப் பிள்ளைகள் அவ்வளவையும் உருப்போட்டார்கள். 1975ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம்தான் அந்தப் பாடத்தைப் போதனையிலிருந்து பிரித்து வெறும் அறிவாக்கியது.

மகளைக் கூப்பிட்டு வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டோம். செத்தபிறகு என்ன நடக்கும் என்று எல்லோரையும் எழுதச் சொன்னார்களாம். “சரியான மறுமொழி எது பிள்ளை?” என்றார் தகப்பன். “அப்படி ஒன்றும் இல்லையப்பா” என்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். எங்களுக்கு அது பிடித்தது, பயமாகவும் இருந்தது. மனனம் செய்யாத பிள்ளையிடம், ஒரு இடப்பெயர்வு வந்தால் கொண்டுபோக என்ன இருக்கும் என்று வேதக்கார நண்பர் கேட்டார். 1995இல் வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்ட இரவில் அவருடைய அம்மம்மா வழிநெடுகச் செபம் சொல்லிக்கொண்டு நடந்தவர். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்.

கடிதம் இன்னும் எழுதப்படவில்லை. அடுத்தநாள் இரவு, கடைசிச் சட்டிகளைத் தேய்க்கும்போது, தனக்கு இன்னும் நினைவிருக்கிறதா பார்ப்போமென்று அவர் சின்னக் குறிப்பிடத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பாதியில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அடுத்த மறுமொழியை எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள், அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள்.