எட்டயபுரத்தில் ஏட்டில் ஏறிய இசை

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் கப்பலும் நம் நினைவுக்கு வருகின்றன. இசை வருவதில்லை. அத்துறைமுகத்திலிருந்து வடமேற்கே, கரிசல் காட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எட்டயபுரம் இருக்கிறது. அவ்வூரைப் பாரதி பிறந்த ஊராக மட்டுமே நாம் அறிவோம். ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்ததும் அங்கேதான். அவருடைய கீர்த்தனைகளில் பெரும்பகுதி இன்று நம் கையில் இருப்பதற்கும் அவ்வூரே காரணம். ஒரு பழைய மெட்டு எவ்வாறு அழியாமல் தப்புகிறது என்ற கேள்விக்கு எட்டயபுரம் தரும் விடை சற்றே சிக்கலானது.

கதை சென்னைக்கு அருகே மணலியில் தொடங்குகிறது. முதலியார் குடும்பம் ஒன்றின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் தம் மக்களோடு அங்கு வாழ்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு கொண்டிருந்த குடும்பம் அது. அதனால் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகள் தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளின் காதுகளை எட்டின. இளையவரான பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். மூத்தவரான முத்துசுவாமி, கேட்ட மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டு ஸ்வர சாகித்தியங்கள்' என்று பெயர் பெற்ற அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் நடன மெட்டு 'வந்தே மீனாக்ஷி' ஆயிற்று.

இதே ஐரிஷ், ஸ்காட்டிஷ் பிடில் மெட்டுகள் குடியேறியவர்களோடு அட்லாண்டிக் கடலையும் கடந்தன. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் அவை, ஆப்பிரிக்க அடிமைகளின் வழி வந்த பாஞ்சோ என்ற வாத்தியத்தைச் சந்தித்தன. அங்கே 'கிளாஹேமர்' என்றொரு வாசிப்பு முறை உண்டு. வலக்கை விரல்களை மடக்கி, நகத்தின் புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் குட்டையான ஐந்தாம் தந்தியைச் சுண்டுவார்கள். இம்முறையில் பழைய மெட்டுகளைக் கற்க விரும்புவோருக்கு அச்சிட்ட குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எனினும் முதியவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டே பழக வேண்டும் என்பது அவ்வுலகில் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. ஸ்வரம் தாளில் இருக்கும்; கையின் ஆட்டம் தாளில் இராது. எட்டயபுரத்தில் எழுந்த சிக்கலும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அங்கே ஒலிப்பதிவு என்ற துணை இல்லை.

பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்துவான் ஆனார். தம்பியைக் காண வந்த முத்துசுவாமி, வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை பொழிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தம் மகளின் மகனான சுப்பராம தீட்சிதரைப் பாலுசுவாமி சுவீகாரம் எடுத்து வளர்த்தார். சுப்பராமர் பிறந்தது 1839இல். அதாவது முத்துசுவாமி மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். தாம் பின்னாளில் ஏட்டில் ஏற்றப்போகும் கீர்த்தனைகளை அவற்றை இயற்றியவர் பாட அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பாட்டனாரின் குரலும் பிடிலுமே அவருக்கு வாய்த்த பாலம். பிற சீடர்களின் வழிகள் இருந்தன என்றாலும், குடும்பத்துக்குள் இந்தச் சரடு எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில்தான் சின்னசுவாமி முதலியார் வருகிறார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர், கத்தோலிக்கர். நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி வைத்தால்தான் அது பிழைக்கும் என்று உறுதியாக நம்பி, 1890களின் தொடக்கத்திலேயே அதற்கென ஒரு நூலை வெளியிட்டவர். சுப்பராமரிடம் பாடங்களைக் கேட்டு எழுதி வந்தார். கண்பார்வை மங்கத் தொடங்கியபோது எட்டயபுரம் அரசரிடமே முறையிட்டு, சுப்பராமரைக் கொண்டு எல்லாவற்றையும் நூலாக்க வேண்டினார். சுப்பராமர் முதலில் தயங்கினார் என்பர். அத்தயக்கத்தை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட இயலாது. குருவின் எதிரில் அமராதவன் கையில் பாடாந்தரம் சிக்கினால் அது என்ன ஆகும் என்ற அச்சம் அதில் இருந்திருக்கக்கூடும்.

அந்த அச்சத்துக்கு அவர் அளித்த விடைதான் 1904இல் சமஸ்தானத்தின் ஆதரவில், எட்டயபுரத்திலேயே தெலுங்கில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. முத்துசுவாமியின் 229 கீர்த்தனைகள், 72 மேளங்களின் விளக்கம், எழுபதுக்கும் மேற்பட்ட இசையாளர்களின் வரலாறு ஆகியவை அதில் அடங்கும். அதன் உயிர்நாடி கமகக் குறிகளே. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஜாரு, ஒதுக்கல் என ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். ஜாரு என்றால் நரம்பின்மேல் விரலை வழுக்கிச் செல்வது. ஒதுக்கல் என்றால் வீணையின் ஒரு மெட்டில் விரலை வைத்தபடியே நரம்பை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிறப்பிப்பது. ஸ்வரத்தை மட்டும் எழுதினால் போதாது, விரல் செய்வதையும் எழுத வேண்டும் என்று உணர்ந்த வாத்தியக்காரரின் ஏற்பாடு இது.

அடுத்த ஆண்டே, 1905இல், தொடக்க மாணவருக்கென அவர் 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற நூலை வெளியிட்டார். நோட்டு ஸ்வரங்கள் அதில் இடம்பெற்றன. இது பொருத்தமான தேர்வு என்பது நம் கருத்து. சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இன்றி நேராக நடப்பவை அவை. தாளில் எழுதினால் ஏறத்தாழ முழுமையாக எழுதிவிடலாம். கடல் கடந்து வந்த மெட்டு ஏட்டில் இழப்பது சிறிது. கரிசலில் பாதுகாக்கப்பட்ட கீர்த்தனை இழப்பது பெரிது. இரண்டையும் அடுத்தடுத்துப் பயிலும் மாணவன் இந்த வேறுபாட்டைக் கையாலேயே அறிந்துகொள்வான்.

சுப்பராமர் 1906இல் மறைந்தபோது பாரதி அவருக்கு இரங்கற்பா பாடினார். சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குச் சென்று கற்பித்தார். அவரிடம் டி. எல். வெங்கடராம அய்யர் கற்றார், இருவரிடமும் டி. கே. பட்டம்மாள் கற்றார். பிரதர்சினியும் பின்னாளில் மியூசிக் அகாதெமியின் முயற்சியால் தமிழில் வந்தது.

இன்று நூலில் உள்ள வடிவத்துக்கும் மேடையில் ஒலிக்கும் வடிவத்துக்கும் பல கீர்த்தனைகளில் வேறுபாடு காணப்படுகிறது. நூலே இறுதி என்போர் உண்டு; பாடாந்தரமே இறுதி என்போரும் உண்டு. நமக்கு இரண்டும் அரைவாசி உண்மைகளாகவே தோன்றுகின்றன. நூல் இல்லையேல், மேடையில் மெல்ல மெல்ல மாறிப்போன ராகம் மாறியது என்பதைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம். பாடாந்தரம் இல்லையேல், ஸ்வரத்தின்மேல் வரைந்த நெளிகோடு வெறும் நெளிகோடாகவே நின்றுவிடும். எத்தனை அசைவு, எவ்வளவு அகலம் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்ல எதிரே ஒருவர் அமர்ந்து பாடிக் காட்ட வேண்டும்.