ஸர்உ: நபிமொழியிலும் மருத்துவ வரலாற்றிலும்

அரபு மொழியில் வலிப்பு நோய்க்கு 'ஸர்உ' என்று பெயர். கீழே வீழ்த்துதல் என்பது அதன் வேர்ப்பொருள். 'காக்காய் வலிப்பு' என்று சொல்லி நோயாளியின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்போர் நம்மிடையே இன்றும் உளர்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நோய் பற்றிய நபிமொழி ஒன்று உண்டு. அறிவிப்பவர் இப்னு அப்பாஸ் (ரலி). கறுப்பினப் பெண்மணி ஒருவர் அண்ணலாரிடம் (ஸல்) வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகுவதையும் கூறி துஆச் செய்ய வேண்டினார். பொறுத்தால் சுவனம் உண்டு. விரும்பினால் நலம்பெற இறைஞ்சுகிறேன் என்றார்கள் அண்ணலார். பொறுமையைத் தேர்ந்த அவர், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். மாத்திரையை நிறுத்துவதற்கு இதனை ஆதாரமாகக் காட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர். அப்பெண்மணி தேர்ந்தது பொறுமைக்கும் துஆவுக்கும் இடையே. மருந்து அங்குப் பேசப்படவேயில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற ஏவல் அபூதாவூத் தொகுப்பில் தெளிவாகவே உள்ளது.

ஸர்உ இருவகைப்படும் என்றார் இப்னுல் கய்யிம் (இறப்பு 1350): ஒன்று தீய ஆவிகளால் நேர்வது, மற்றது உடலின் கெட்ட நீர்களால் நேர்வது. அப்பெண்மணிக்கு இருந்தது இரண்டாம் வகையாக இருக்கலாம் என்பதும் அவர் கருத்தே. அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதனை மூளை நோய்களுள் வைத்து, மூளையின் அறைகளில் ஏற்படும் அரைகுறை அடைப்பே காரணம் என்றார். காரணம் பிழைதான், ஆனால் உறுப்பைச் சரியாகச் சுட்டினார். கிரேக்கரின் ஹிப்போகிரட்டீய நூலொன்றும் அவ்வாறே மூளையைக் கூறியிருந்தது.

குறை மருந்தில் இருந்தது. ஒரு செடியின் வேரைக் கழுத்தில் கட்டுவதைக் காலன் போன்ற பெரும் மருத்துவரே பரிந்துரைத்தார். பயன்தந்த முதல் மருந்து 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் அறிவித்த பொட்டாசியம் புரோமைடு. வலிப்பைக் குறைத்தது, நோயாளியை மந்தமாக்கியது. 1912இல் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், உறக்க மருந்தான பினோபார்பிட்டால் வலிப்பையும் தணிப்பதைக் கண்டார். உறங்கச் செய்யாமலே வலிப்பை அடக்கலாம் என்பதை 1938இல் அமெரிக்காவின் மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயின் கொண்டு மெய்ப்பித்தனர். நரம்பணுக்கள் கட்டின்றித் திரும்பத் திரும்ப மின்துடிப்பதை அம்மருந்து தடுக்கிறது. இன்று முறையாக மருந்துண்போருள் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும்.

முறையாக என்பதே இங்கு முக்கியம். ரமளானில் வேளை தவறும் மாத்திரையும் குறையும் உறக்கமும் அடங்கிய வலிப்பை மீண்டும் எழுப்பக்கூடும். மாத்திரை வேளைகளை ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றலாமா என்பதை மாதம் பிறக்குமுன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இயலாதெனில், நோயாளிக்கான சலுகை 'அல்பகரா' 184ஆம் வசனத்திலேயே இருக்கிறது.