நாடு கடத்தப்பட்ட திராட்சை



பிரான்சில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போன வாரம் ஒரு கற்சுவரின் படம் அனுப்பினான். சுவருக்குள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடி. "ஒயின் தோட்டம் மாமா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தான். ஒயினை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சுவர் என்னை மூன்று நாள் படிக்க வைத்துவிட்டது.

பர்கண்டி பகுதியிலுள்ள குளோ த வூஜோ என்ற தோட்டம் அது. சிஸ்டர்சியன் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிலம் சேர்த்து, 14ஆம் நூற்றாண்டில் சுவர் எழுப்பி முடித்தார்கள். சுமார் 50 ஹெக்டேர். நம் கணக்கில் 120 ஏக்கருக்கு மேல். ஒரே சுவர்தான், மண் ஒன்றல்ல. மேல் சரிவில் சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண், தண்ணீர் நிற்காது. கீழே சாலையோரம் ஆழமான களிமண், ஈரம் லேசில் போகாது. மேல் பகுதிக்குத்தான் இன்றும் மதிப்பு அதிகம். துறவிகள் மண்ணை நாக்கில் வைத்தே பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குப் பொருந்திய சிவப்பு ரகம் பினோ நுவார். காய்ப்பு குறைவு, பாடு அதிகம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் வந்து வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனது. அதன்பின் குடியானவர்கள் கமே என்ற ரகத்தை விரும்பி நட்டார்கள். சீக்கிரம் பழுக்கும், குலை குலையாகக் காய்க்கும். ஆனால் அந்த மண்ணில் அது கொழுத்து வளர்ந்து, ருசியில்லாமல் நீர்த்துப்போனது. ஒயினின் பெயர் கெடுகிறதென்று 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப் ஆணை பிறப்பித்தார். கமே துரோகச் செடி, மனிதருக்குக் கேடு, வெட்டி எறியுங்கள் என்றார். (வயிற்றுப்பாட்டுக்கு நட்ட குடியானவனுக்காக யார் பேசுவது?)

அதே கமே, தெற்கே கோமகனின் ஆணை எட்டாத பொஜொலே சரிவுகளில் வேறு செடிபோல நடந்துகொண்டது. அங்கே கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான அமில மண். சத்து குறைவு. கொடி கொழுக்க வழியில்லை. காய்ப்பு மட்டுப்பட்டது, பழத்தில் மணமும் சாரமும் சேர்ந்தன. இன்று பொஜொலே என்றாலே கமேதான். "சத்தில்லாத மண் பயிருக்கு ஆகாது" என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன்!

இதைப் படிக்கையில், 7ஆம் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் "உனக்குப் படிப்பு ஏறாது" என்று நான் சொன்ன ஒரு பையன் நினைவுக்கு வந்தான். இன்று சுற்றுவட்டாரத்தில் மோட்டார் பழுதென்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் என் வீட்டு மோட்டாரைச் சரிசெய்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான். தம்பி, இதைப் பார்த்தால், அன்று நான் சொன்னது தப்பு.

இன்னொரு செய்தி. 1999இல் வந்த மரபணு ஆய்வில் கமேயின் பெற்றோர் தெரியவந்தார்கள். ஒன்று குவே பிளாங், மட்டமென்று ஒதுக்கப்பட்ட வெள்ளை ரகம். மற்றொன்று பினோ! கோமகன் துரத்தியது பினோவின் சொந்தப் பிள்ளையைத்தான். அதே பெற்றோருக்குப் பிறந்த சார்டொனே, பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிப் பெயர் வாங்கிக்கொண்டது.