பூர்வீகமும் பாட்டுரிமையும்: பழவேற்காட்டு ஏரிக் குடிகளின் தோற்றக் கதைகள்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகக் கருதப்படும் பழவேற்காடு ஏரி, ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரையும் முகத்துவாரங்கள் வழியே ஓதத்தோடு ஏறிவரும் கடல்நீரையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு, ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவால் வங்காள விரிகுடாவிலிருந்து பிரிந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்திலும் உள்ளன. அதன் கரைகளிலும் தீவுகளிலும் பட்டினவர், கிறித்தவ மீனவர், தமிழ் முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், இருளர், ஏனாதியர் எனப் பல குடிகள் வாழ்கின்றனர். இவர்களுள் சிலர் தம் முன்னோரைப் புராண அரச குலங்களோடும், சிலர் அரபு நாட்டோடும், சிலர் போர்த்துகீசியர் காலத்து மாதா கோயிலோடும் தொடர்புபடுத்திப் பேச, வேறு சிலரிடம் அத்தகைய வம்சக் கதை ஏதும் எழுத்தில் இல்லை. இக்கதைகளில் எவை வரலாற்றுச் சான்றோடு பொருந்துகின்றன என்பதும், அவை ஏரியின் மீதான உரிமையோடு எவ்வாறு பிணைந்தன என்பதும் சேர்த்தே ஆராயத்தக்கவை.

குலங்களின் பூர்வீகம் பற்றிய பேச்சு மிகப் பழையதே ஆயினும், அது அரசு ஆவணங்களில் பெருமளவில் இடம்பெறத் தொடங்கியது ஆங்கிலேயர் நடத்திய குடிமதிப்புக் கணக்கெடுப்புகளின் காலத்தில்தான். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பஞ்சாப் அறிக்கையை எழுதிய டென்சில் இப்பெட்சன், அந்நிலத்து ஜாட்டுகளும் ராஜபுத்திரர்களும் தத்தம் முன்னோர் பற்றிச் சொல்லிவந்தவற்றை ஆராய்ந்து, இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு பிறப்பால் வந்தது என்பதைவிடச் சமூக நிலையால் வந்தது என்று கொள்வதே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் நிறுத்த முற்பட்டதும், தத்தம் குலத்துக்கு மேலான தோற்றம் கோரும் விண்ணப்பங்கள் நாடெங்கிலுமிருந்து குவிந்தன. சென்னை மாகாணத்தில் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலும் இச்சூழலில் உருவானதே. எனவே அத்தகைய நூல்களில் காணப்படும் பூர்வீகக் கதைகளைத் தொன்மையான நினைவாக மட்டும் கொள்ளாமல், கணக்கெடுப்புக் காலத்துச் சமூகப் போட்டியின் விளைவாகவும் கொண்டு படிக்க வேண்டியுள்ளது.

ஏரியின் தென்கரைக் குப்பங்களில் முதன்மை பெற்றவர்கள் பட்டினவர். கிருஷ்ணா ஆற்று முகத்திலிருந்து தஞ்சைக் கடற்கரை வரை பரவியிருந்த இம்மீனவர் பெரிய பட்டினவர், சின்ன பட்டினவர் என இரு பிரிவினராக இருந்ததையும், அவர்களுள் சிலர் மகாபாரதத்துக் குருகுலத்தோடு தம்மை இணைத்துக்கொண்டதையும், வேறு சிலர் கடல்தெய்வமான வருணனின் பெயரால் குலப்பெயர் சூட்டிக்கொண்டதையும் தர்ஸ்டனின் நூல் பதிவு செய்துள்ளது. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்துப் பரதவரே தம் முன்னோர் என்பது இன்னொரு கூற்று. சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை காட்டுவதால், சோழமண்டலக் கரையில் கடல்தொழிலை நம்பி வாழ்ந்த குடிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவருவது உறுதியாகிறது. ஆனால் அப்பரதவர் வழியினர்தாம் இன்றைய பட்டினவர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடுத்துக் காட்டும் சான்று அவ்விலக்கியத்தில் இல்லை.

ஊரின் தொன்மை பற்றிய கூற்றுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு குறிப்பிடும் பொதுகே என்ற துறைமுகம் பழவேற்காடே என்று முற்கால ஆய்வாளர் சிலர் கருதினர். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தி ரோமானிய வணிகத் தடயங்களை வெளிக்கொணர்ந்த பின்னர், பொதுகே அதுவே என்ற கருத்து வலுப்பெற்றது.

புராண வம்சத்தைக் காட்டிலும் உறுதியான சான்று தருவது கடற்கரையோர இடப்பெயர்வே. மீன்வரத்தையும் பருவக்காற்றையும் பின்தொடர்ந்து கரையோரமாகவே நகர்ந்து, ஆற்றுமுகங்களிலும் மணல்மேடுகளிலும் புதுக் குப்பங்கள் அமைத்துக்கொள்வது இத்தொழிலின் இயல்பு. பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூர், பிரகாசம் மாவட்டங்களின் கரையில் வாழும் பட்டபு என்னும் மீனவர், தெலுங்கு நாட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்தும் வீட்டுக்குள் தெலுங்கு கலந்த தமிழைப் பேசிவருவது, தமிழ்க் கரையிலிருந்து வடக்கு நோக்கி நடந்த குடியேற்றத்துக்குச் சான்றாக நிற்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில், கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் புத்தளத்து முக்குவரை எதிர்ப்பதற்காகக் காஞ்சிபுரம், காவிரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து படைவீரரை வரவழைத்தான் என்றும், வெற்றிக்குப் பின் அவர்கள் நீர்கொழும்புப் பகுதியில் குடியமர்ந்தனர் என்றும் முக்கர ஹட்டன என்னும் சிங்கள ஓலைச்சுவடி கூறுகிறது. அச்சுவடி தரும் விவரங்களை அப்படியே ஏற்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், இலங்கைக் கரையாரும் குருகுலப் பெயரையே கோரிவருவது, ஒரே தொழிலைச் செய்த கரையோரக் குடிகளிடையே ஒரே பூர்வீகக் கதை கடல் கடந்தும் உலவியதைக் காட்டுகிறது.

பழவேற்காட்டுக் குடிகளின் பன்மைக்குக் காரணம் மீன் மட்டுமன்று, துறைமுகமும் ஆகும். விஜயநகர ஆட்சியில் நெசவுத் துணியின் ஏற்றுமதியால் செழித்த இத்துறையைப் பற்றி, 1516ஆம் ஆண்டையொட்டி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா, முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நிறைந்த ஊராகக் குறிப்பிட்டுள்ளார். இவ்வூர் முஸ்லிம்களிடையே வழங்கும் மரபுச் செய்தி, புதிய கலீபாவை ஏற்க மறுத்து நாடுகடத்தப்பட்ட அரபியர் நான்கு மரக்கலங்களில் வந்து இங்கே கரையேறியதாகச் சொல்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையான அரபுத்தமிழில் அமைந்த குடும்பப் பதிவுகளும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. சோழமண்டலக் கரையின் பிற துறைமுகங்களைப் போலவே இங்கும், வந்த வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தமிழ் பேசும் முஸ்லிம் சமூகம் உருவானது என்று கொள்வதே பொருத்தமானது. வணிகம் நலிந்த பின்னர் இச்சமூகத்தின் ஒரு பகுதியினர் படகுத் தொழிலுக்கும் மீன் வணிகத்துக்கும் மாறினர். பெண்கள் பனையோலைப் பின்னலைக் கைத்தொழிலாக வளர்த்தனர்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துகீசியர் மாதா கோயிலை எழுப்பினர். அதன் தொடர்ச்சியாகக் கத்தோலிக்கரான மீனவர் வாழும் குப்பங்கள் இன்றும் உள்ளன. நடூர் மாதா குப்பம் என்ற ஊர்ப்பெயரே அத்தொடர்பைத் தாங்கியுள்ளது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்குமான தன் ஆட்சியை இங்கிருந்தே நடத்தியது. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்துவரும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களும், உள்ளே குலச்சின்னங்களும் செதுக்கப்பட்டுள்ளன. கம்பெனி அதிகாரிகளின் வம்சம் அவ்வாறு கல்லில் நிலைபெற்றிருக்க, அதே துறையிலிருந்து, சிறப்பாகப் பஞ்ச காலங்களில், அடிமைகளாகப் படேவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் ஏற்றப்பட்ட ஆயிரக்கணக்கான எளிய மக்களின் பெயர்வழி எங்கும் நிலைபெறவில்லை. பூர்வீகத்தை நினைவில் வைத்திருக்கும் வாய்ப்பே செல்வத்தையும் அதிகாரத்தையும் சார்ந்தது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாக மாறியபோது துறைமுக வணிகம் பெரும்பாலும் சென்னைக்குப் போய்விட்டிருந்தது. எஞ்சிய குடிகளுக்கு ஏரியே பிழைப்பாயிற்று.

ஏரி பிழைப்பான இடத்தில் பூர்வீகம் உரிமையாக மாறுவதைப் பாட்டு முறையில் தெளிவாகக் காணலாம். பாடு என்பது ஏரிக்குள் மீன்பிடிப்பதற்கென வரையறுக்கப்பட்ட இடத்தையும், அவ்விடத்தில் முறைவைத்துத் தொழில் செய்யும் உரிமையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமற்ற நீரில் கழிகளை வரிசையாக ஊன்றி, அவற்றில் சுத்துவலையைக் கட்டி, ஓதம் வற்றும்போது கடலை நோக்கி நகரும் இறால் கூட்டத்தை வளைத்துப் பிடிப்பது இங்குள்ள வழக்கம். வலை அதே வலையாயினும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தே பிடிப்பு கூடியும் குறைந்தும் அமைவதால், நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி சீட்டுக் குலுக்கியும் நாள்முறை வகுத்தும் பங்கிட்டுக் கொள்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையில் தொன்றுதொட்டுப் பங்கு கொண்டவை. பங்கு பெறுவோர் தலைக்கட்டு என்னும் அலகாகக் கணக்கிடப்படுவர். தலைக்கட்டு என்பது ஊர் வரி செலுத்தி ஊர்க்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட, மணமான ஆடவனின் குடும்பம். பட்டினவர் குலத்தில், அந்த ஊரில், ஆண்வழியில் பிறந்திருப்பதே இதற்குத் தகுதி. ஆகவே இங்கே ஒருவனின் பாட்டன் யார் என்ற கேள்வி, அவன் நாளை எந்த நீரில் வலை கட்டலாம் என்ற கேள்வியாகவே முடிகிறது. இந்துவும் கத்தோலிக்கரும் ஒரே பாட்டு முறைக்குள் அடங்குவது, மதம் மாறினாலும் குலவழி மாறுவதில்லை என்ற கருத்தின் விளைவாகும். தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மீனவர் என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் பர்வதராஜகுலம், பட்டினவர், செம்படவர் ஆகியோரையும் அவர்களுள் கிறித்தவத்துக்கு மாறியவர்களையும் சேர்த்தே வைத்துள்ளது.

இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் கட்டுவலை போடும் உரிமை மீனவர் சங்கங்களின் உறுப்பினருக்கும் அவர்தம் ஆண்வழி வாரிசுகளுக்கும் மட்டுமே உரியதாகி, சீட்டு முறையால் பங்கிடப்பட்டு வருவதை நோக்கினால், இவ்வேற்பாடு ஓர் ஊரின் தனி வழக்கமாகத் தோன்றவில்லை. வளம் குறுகிய காயல்களில், உள்ளே இருப்போரிடையே சமநீதியையும் வெளியே இருப்போருக்கு அடைத்த கதவையும் ஒரே நேரத்தில் உண்டாக்கும் பொதுமுறையாகவே அது விளங்குகிறது. அதிகப்படியான பிடிப்பைத் தடுத்து ஏரியைக் காத்த முறை என்று ஆய்வாளர் பாராட்டியதும், சாதியின் பெயரால் பிறரை விலக்கிய முறை என்று பிறர் குறைகூறியதும் இந்த ஒரே ஏற்பாட்டைத்தான்.

ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கதவின் மீதான அழுத்தம் பெருகியது. விவசாயக் கூலி வேலை குன்றியதால் ஆதிதிராவிடர் பலர் ஏரித்தொழிலுக்கு வந்து, பாடு அல்லாத இடங்களில் வேறு வலைகளைக் கொண்டு பிழைக்க முற்பட்டபோது, பரம்பரை மீனவர் யார் என்ற வழக்கு ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் அரசு அலுவலகங்களிலும் எழுந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததால் ஒரே நீர்ப்பரப்பு இரண்டு ஆட்சிகளின் கீழ் வந்ததும், ஸ்ரீஹரிகோட்டாவில் அமைந்த விண்வெளி ஏவுதளம் 1971 முதல் இயங்கத் தொடங்கியதும், தலைமுறைகளாகத் தொழில் செய்த இடங்களுக்குச் செல்வதற்கே புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. அத்தீவில் வாழ்ந்த ஏனாதியர் தம் இருப்பிடத்தையும் காட்டையும் இழந்தனர்.

இந்தப் போட்டியில் இருளரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. இவர்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலையால் முடைந்த பறி என்னும் கூடையின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு அதற்குள் இடுகின்றனர். படகும் வலையும் வேண்டாத இத்தொழில், ஏரியில் வழங்கும் பிடிமுறைகளுள் மிக எளியது. காட்டையும் நீரையும் மாறிமாறி நம்பி வாழ்ந்த இவர்களைத் தொல்குடியாகவே மானிடவியலார் கருதுகின்றனர். அரசும் மிக நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் இவர்களைச் சேர்த்துள்ளது. ஆயினும் இவர்களுக்குப் பாடும் இல்லை, தலைக்கட்டும் இல்லை, ஊர்க்கோயில் திருவிழாவில் முன்னுரிமை கோருவதற்கான வம்சக் கதையும் இல்லை.

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், குருகுலம், வருணகுலம், நான்கு மரக்கலங்கள் ஆகிய கதைகள் பழவேற்காட்டுக் குடிகள் எங்கிருந்து வந்தனர் என்பதை அறுதியிட்டுச் சொல்லும் சான்றுகள் அல்ல என்பது விளங்கும். கரையோர இடப்பெயர்வு, துறைமுக வணிகம், திருமணத் தொடர்பு, மதமாற்றம், பஞ்சம் ஆகியவற்றால் பல நூற்றாண்டுகளில் உருவாகிய இக்குடிகள், தமக்குக் கிடைத்த இடத்தைக் காத்துக்கொள்வதற்கான ஆவணமாகவே அக்கதைகளைப் பேணினர். அந்த வகையில் அவை மதிப்புக்குரிய வரலாற்று மூலங்களே. ஆனால் ஏரியின் மீதான இன்றைய உரிமையை அக்கதைகளைக் கொண்டு அளப்பது முறையாகாது. அவ்வாறு அளந்தால் நீண்ட வம்சம் சொல்லத் தெரிந்தவருக்கு நீர் கிடைக்கும். ஏரியையே முழுதும் நம்பி வாழ்ந்தும் வம்சம் எழுதிவைக்க வழியற்றிருந்தவர் கரையிலேயே நிற்க நேரும். பாட்டு முறையின் பங்கீட்டு நெறியைக் காத்து, அதன் பிறப்புத் தகுதியைத் தளர்த்தி, கைப்பிடி இறாலை நம்பி வாழும் இருளருக்கும் அதில் உரிய இடம் வகுப்பதே, இவ்வேரியின் கலப்பு வரலாற்றுக்குப் பொருந்தும் நியாயமாகும்.